பழைய காரைப் புதுப்பித்தல்: பெறுமதி பற்றிய ஒரு நோக்கு

1

அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கார் ஒன்றைப் பெருஞ் செலவிற் புதுப்பிப்பது தகுமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்துத் தனிமனிதரின் விருப்பையும் வரவு செலவையும் மட்டுமே சார்ந்ததாகத் தோன்றலாம். ஆயினும், அவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடைகளை உற்றுநோக்கினால், அவற்றுட் பெரும்பாலானவை ஒரு சொல்லின் பொருண்மயக்கத்தில் தங்கியிருப்பதைக் காணலாம். 'பெறுமதி' என்பதே அச்சொல்.

"இது பெறுமதியான கார்" என்று ஒருவர் கூறும்போது மூன்று வேறு பொருள்களுள் யாதேனும் ஒன்றை அவர் கருதக்கூடும். அது ஓடும், சுமக்கும், பிழைப்புக்கு உதவும் என்பது ஒன்று. விற்றால் நல்ல விலை போகும் என்பது மற்றொன்று. தந்தையார் வாங்கியது, ஒரு காலத்தின் சாட்சி, இனிக் கிடைத்தற்கரியது என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் அரசியற் பொருளாதாரம் பயன்பாட்டுப் பெறுமதி, பரிமாற்றப் பெறுமதி எனப் பாகுபடுத்தும். மூன்றாவதை நினைவுப் பெறுமதி எனலாம். பழைய கார்களைப் பொறுத்தவரையில் நேரும் பெரும்பாலான நட்டங்களுக்கும் மனக்கசப்புகளுக்கும் காரணம், ஒரு பெறுமதியின் பொருட்டுச் செலவு செய்துவிட்டு, மற்றொரு பெறுமதியைக் கொண்டு அச்செலவை நியாயப்படுத்த முற்படுவதேயாகும். இக்கட்டுரை இம்மூன்றையும் வேறுபிரித்து நோக்கி, புதுப்பிக்க விழைவோர் எவ்வாறு முடிவெடுக்கலாம் என்பதை விளக்க முயல்கிறது. நமது நாட்டவர் நன்கறிந்த மொறிஸ் மைனர் இங்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் முன் வைக்கப்பட்டது. அதனை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய அலெக் இசிகோனிஸ், பின்னர் 1959இல் வெளிவந்த மினி காரினாலும் புகழ்பெற்றவர். உற்பத்தி தொடங்குவதற்குச் சற்று முன்னர் கார் ஒடுங்கியதாக இருப்பதாகக் கருதி, நடுவே நான்கு அங்குலம் அகலமாக்கினார் என்பதும், ஏற்கெனவே செய்யப்பட்டிருந்த பம்பர்கள் இரண்டாக வெட்டப்பட்டு நடுவில் ஒரு துண்டு வைத்து இணைக்கப்பட்டன என்பதும் சுவையான செய்திகள். 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினோடு தொடங்கிய அக்கார், 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098 எனப் படிப்படியாக எஞ்சின் மாற்றம் பெற்றது. 1971இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரையில் ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன.

இக்கார் இலங்கைக்கு வந்தமை தற்செயலானதன்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர்க் கடன் சுமையால் நலிந்திருந்த பிரித்தானியா, அந்நியச் செலாவணி ஈட்டும் பொருட்டுக் கார் உற்பத்தியாளரை ஏற்றுமதிக்கு உந்தியது. ஏற்றுமதி செய்வோர்க்கே உருக்கு ஒதுக்கீட்டில் முன்னுரிமை என்ற நிலை அன்று நிலவிற்று. 1950ஆம் ஆண்டளவில் உலகின் மிகப் பெரிய மோட்டார் வண்டி ஏற்றுமதி நாடாகப் பிரித்தானியா விளங்கியது. அதன் பழைய குடியேற்ற நாடுகள் இயல்பாகவே சந்தைகளாயின. மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் நமது வீதிகளுக்கு வந்த வரலாற்றுப் பின்னணி இதுவே.

அவை வந்தமைக்கு ஏற்றுமதி காரணமாயின், நிலைத்தமைக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு காரணமாயிற்று. 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியும் 1970 முதல் 1977 வரையான இறுக்கமான கட்டுப்பாடுகளும் புதிய கார்களை அரிதாக்கின. பிரித்தானியாவிற் கழித்தொதுக்கப்பட்ட வயதினையுடைய கார்கள் இங்கு நாள்தோறும் உழைத்தன. 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு யப்பானியக் கார்கள் பெருகிய பின்னரும், வடபகுதியில் இந்நிலை வேறொரு வடிவில் நீடித்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் ஏ-40 போன்ற கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அக்கால எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவாக இருந்தமையாலேயே இது சாத்தியமாயிற்று. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்தமையால் தேய்வும் விரைவுபட்டது. தேய்ந்த பாகங்களுக்கு மாற்றுப் பாகங்களைச் சிறு பட்டறைகளிற் கடைந்து கொடுத்த தொழிலாளரே அக்கார்களை வாழவைத்தனர். பழைய கார்களின் ஆயுளை நிறுவனங்களின் தரத்துக்கு மட்டும் உரித்தாக்குவோர் இவ்வுழைப்பை மறந்துவிடுகின்றனர்.

3

ஒரு பொருள் பழையதாகிறது என்பதன் கருத்து யாது? கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் (1867) இயந்திரங்களின் தேய்வை ஆராயுமிடத்து மூன்று வகைகளைச் சுட்டுகிறார். பயன்படுத்துவதால் நேரும் தேய்வு ஒன்று. பயன்படுத்தாது விடுவதால் நேரும் சிதைவு மற்றொன்று. இயந்திரம் பழுதின்றி இருந்தபோதிலும், அதனைவிட மலிவாகவோ திறமையாகவோ புதியது வந்துவிடுவதால் அதன் பெறுமதி வீழ்ச்சியடைவது மூன்றாவது. இவ்வேறுபாடு நமது வினாவுக்கு நேரடியாகப் பொருந்துவதாகும்.

ஓடித் தேய்ந்த காரைவிட ஓடாது நின்ற கார் பெரும்பாலும் கூடுதலான செலவை உண்டாக்கும். தேய்ந்த பாகத்தை மாற்றலாம். ஆனால் ஈரத்தில் நின்ற காரின் துரு, உடலெங்கும் கண்ணுக்குத் தெரியாது பரவியிருக்கும். "இருபது வருடம் கராச்சிலேயே நின்றது, ஓடவேயில்லை" என்பதைச் சிறப்பாகக் கூறி விற்போர் உளர். அதனை எச்சரிக்கையாகவே கொள்ளல் வேண்டும்.

மூன்றாம் வகைத் தேய்வு முதலாளித்துவச் சந்தையிற் பெரும்பாலும் திட்டமிட்டே உருவாக்கப்படுவது. ஃபோர்ட் நிறுவனத்தின் ரி மாதிரி 1908 முதல் 1927 வரை அடிப்படையில் மாறாது செய்யப்பட்டது. அதனைச் சந்தையில் முறியடித்த ஜெனரல் மோட்டோர்ஸ், அல்ஃபிரட் சுலோனின் தலைமையில், ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றும் முறையைக் கையாண்டது. நன்றாக ஓடும் காரை அதன் உரிமையாளரே பழையதெனக் கருதவேண்டும் என்பதே அம்முறையின் உட்கிடை. ஆகவே, "பழைய கார் வீண்" என்ற பொதுக் கூற்றையும் நாம் ஐயுறவோடு நோக்குதல் வேண்டும். அது எப்போதும் பொறியியற் கூற்றன்று. பல வேளைகளில் விற்பனையின் கூற்றாகும்.

4

இனிக் கணக்குக்கு வருவோம். கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவையேயன்றிச் சந்தை விலைகள் அல்ல.

பழுதடைந்த மைனர் ஒன்றின் இன்றைய விலை 20 அலகு எனக் கொள்வோம். பாகங்களுக்கு 30, தகர வேலை, பூச்சு, எஞ்சின் ஆகியவற்றின் கூலிக்கு 60, பிரித்துப் பார்த்தபின் வெளிப்படும் எதிர்பாராத பழுதுகளுக்கு 20 என, வேலைச் செலவு 110 ஆகிறது. மொத்தம் 130. வேலை முடிந்த கார் 90க்கு விலைபோகும் எனின், விற்பதற்காகப் புதுப்பித்தவருக்கு 40 நட்டம்.

நூற்றுமுப்பது அலகு உட்புகுந்த பண்டம் ஏன் தொண்ணூறுக்கே விற்கப்படுகிறது? சந்தை அங்கீகரிப்பது ஒரு பண்டத்தில் உண்மையிற் செலவிடப்பட்ட உழைப்பையன்று. அத்தகைய பண்டத்தைப் பெறச் சமூக ரீதியில் அவசியமான உழைப்பையே அது அங்கீகரிக்கிறது. பதினாறு இலட்சம் பிரதிகள் செய்யப்பட்ட கார் இது. அவற்றுள் நல்ல நிலையிற் பேணப்பட்டவை இன்னும் விற்பனைக்கு வருகின்றன. அவை நிர்ணயிக்கும் விலையே உச்சவரம்பு. ஒரு தொழிலாளி ஆறு மாதம் அக்காரின் கீழ்க் கிடந்தார் என்பதற்காக வாங்குபவர் ஒரு சதமும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. இதிலிருந்து முதலாவது முடிவு பெறப்படுகிறது: காரை வைத்திருப்பதே நோக்கமாயின், இன்னொருவர் புதுப்பித்து முடித்த காரை 90க்கு வாங்குவது, பழுதடைந்ததை 20க்கு வாங்கிப் புதுப்பிப்பதிலும் மலிவானது. மிகச் சில அருமையான கார்களுக்கே இவ்விதி பொருந்தாது போகும். மைனர் அவற்றுள் ஒன்றன்று.

இரண்டாவது, ஏற்கெனவே வேலையைத் தொடங்கி இடைநடுவில் நிற்பவரின் நிலை. அவர் இதுவரை 50 செலவிட்டுள்ளார். கார் இன்றுள்ள நிலையில் 30க்கு விற்கும். முடிக்க இன்னும் 80 தேவை. முடிந்தால் 90 பெறும் எனக் கொள்வோம். "ஐம்பதைப் போட்டுவிட்டேன், இனி விடலாமா?" என்பதே வழக்கமான மனநிலை. ஆனால் அந்த ஐம்பது, முடித்தாலும் விட்டாலும் திரும்பப்போவதில்லை. அவர் தீர்மானிக்க வேண்டியது, இனிச் செலவாகும் 80க்கு, காரின் விலையில் 60 மட்டும் ஏறுவது தமக்கு ஏற்புடையதா என்பதையே. எஞ்சிய 20ஐ ஈடுசெய்யும் வேறு பயன் இல்லையெனின் அங்கேயே நிறுத்துதல் நன்று.

மூன்றாவது, பயன்பாட்டுக்காகப் புதுப்பிப்பவர். இவருடைய கணக்கு வேறானது. அவர் ஒப்பிட வேண்டியது புதுப்பித்த காரின் விற்பனை விலையோடன்று. அதற்கு மாற்றாகத் தாம் வாங்கக்கூடிய காரோடு. மாற்றுக் கார் 150; பத்தாண்டின் பின் 70க்கு விற்கலாம்; பெறுமானத்தேய்வு 80. புதுப்பித்த மைனருக்கு உட்பட்டது 130. ஒழுங்காகப் பேணினால் பத்தாண்டின் பின்னும் ஏறத்தாழ 90 பெறும் எனின் இழப்பு 40. மைனரின் பராமரிப்பும் எரிபொருளும் ஆண்டொன்றுக்கு 4 அலகு கூடுதலாயின், பத்தாண்டில் அது 40. இரண்டும் 80இற் சமமாகின்றன. பராமரிப்பு வேறுபாடு நாலுக்குக் குறைந்தால் பழைய கார் இலாபம், கூடினால் நட்டம். எனவே முடிவைத் தீர்மானிப்பது ஆண்டுதோறும் ஓடும் தூரமும், நம்பத்தகுந்த தொழிலாளி அருகில் இருப்பதும், உரிமையாளர் தாமே செய்யக்கூடிய வேலையின் அளவுமாகும்.

இக்கருத்து புதியதன்று. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நிறுவிய சார்ள்ஸ் வெயர், நீடித்துழைக்கும் காரை உடைமையாகக் கொள்வது பற்றி 1982இல் நூலொன்று வெளியிட்டார். புதிய காரின் பெறுமானத்தேய்வாக இழக்கும் பணத்தைப் பழைய காரின் பராமரிப்பில் இடுவது அறிவுடைமை என்பது அவரது வாதம். அவ்வாதம், சந்தையில் மாற்றுக் கார் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதிலேயே தங்கியிருக்கிறது என்பது நோக்கற்பாலது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வாகனங்களின் விலை பன்மடங்கு உயர்ந்தமையையும், 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு வழி மீண்டும் திறக்கப்பட்டமையையும் நாம் அறிவோம். அவ்விடைக்காலத்திற் பழைய காரைப் புதுப்பித்தவரின் கணக்கும் இன்று புதுப்பிப்பவரின் கணக்கும் ஒன்றாக மாட்டா. தடைக்கால விலையை இயல்பு விலையெனக் கொண்டு செலவிடுதல் பெருந்தவறாகும்.

5

கணக்கின் எண்கள் எங்கிருந்து வருகின்றன? காரைச் சோதிப்பதிலிருந்தே. இங்கு பரவலாகக் காணப்படும் தவறு, எஞ்சின் ஓடுகிறதா என்பதை முதலிற் பார்ப்பதாகும். மைனரில் எஞ்சின் மிக எளிதிற் கழற்றித் திருத்தக்கூடிய பகுதி. பழைய லொறியைப் போல் அதற்குத் தனியான சட்டகம் கிடையாது. உடற் தகடுகளே பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே துரு என்பது அழகைக் கெடுக்கும் குறை மாத்திரமன்று. அது எலும்பு உக்குதலை ஒத்தது.

சோதிக்க வேண்டிய இடங்கள் வருமாறு: கதவுகளின் கீழ் நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவத் தகடுகள், முன் ஆசனங்களின் அடியிற் குறுக்கே செல்லும் தாங்கி, பின் வில்தகடுகள் உடலோடு பொருந்தும் இடங்கள், அடித்தளம், முன்பக்க எஞ்சின் தாங்கும் கால்கள். பூச்சின் மேல் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால், அது பற்றாத இடத்திற் தகட்டுக்குப் பதிலாகப் புட்டி இருப்பது புலப்படும். மரச்சட்டங் கொண்ட திரவலர் வகையில் பின்புற மரம் அலங்காரத்துக்கானதன்று, உடலமைப்பின் பகுதியாகும். அது உக்கியிருப்பின் செலவு மிகும். முன்சில்லுகளைத் தாங்கும் திருகு மூட்டுகளுக்குக் கிறீஸ் இடாது விட்டால் அவை தேய்ந்து கழன்று, ஓடும்போதே சில்லு சாயக்கூடும். இது உயிரோடு தொடர்புடையது. எனவே பிறேக், முன்சில்லு மூட்டுகள், துருவேறிய தாங்கிகள் ஆகிய மூன்றிலும் சிக்கனம் கூடாது. நிறப்பூச்சும் ஆசன உறையும் காத்திருக்கலாம்.

எரிபொருளும் கருதற்பாலது. இவ்வெஞ்சின்கள் ஈயங் கலந்த பெற்றோலுக்கென அமைந்தவை. 2021இல் உலகெங்கும் வாகனங்களுக்கான ஈயப் பெற்றோலின் விற்பனை முடிவுக்கு வந்தது. கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் பொருத்துவது, எஞ்சினைத் திறக்கும் வேளையில் ஒரே முறையிற் செய்யத்தக்க வேலை. இவை யாவற்றுக்கும் முன்னதாகப் பதிவுப் புத்தகம், சட்டக இலக்கம், எஞ்சின் இலக்கம் ஆகியன ஒத்துள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். ஆவணம் இல்லாத கார் எவ்வளவு அழகுற முடிக்கப்பட்டாலும் வீதிக்கு வரவியலாத பொருளே.

6

மூன்றாவதாகிய நினைவுப் பெறுமதியை உணர்ச்சிவயப்பட்டதென ஒதுக்கிவிடல் தகாது. காரும் ஒருவகை வரலாற்றாவணமே. நமது நாட்டுப் பழைய காரொன்றின் இலக்கத்தகடே அதற்குச் சான்று. சிலோன் என்னும் பெயரின் ஆங்கில எழுத்துகள் அமைந்த தகடுகள் முதலில் வழங்கின. 1956ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இலக்கத்தகடுகளில் இடம்பெற்றது. தமிழ்ப் பகுதிகளில் அதனை அழித்துத் தமிழ் எழுத்தை இட்டு நடத்தப்பட்ட எதிர்ப்பு இயக்கத்தை யாவரும் அறிவர். ஒரு தகரத் துண்டு இத்துணை வரலாற்றைச் சுமக்கையில், அதனைக் கழற்றியெறிந்து பளபளக்கும் புதுத்தகடு பொருத்துவதைப் 'புதுப்பித்தல்' என்று கூறுதல் பொருந்துமா?

இவ்விடத்தில் நூற்பதிப்பு முயற்சிகள் நமக்கு ஓர் ஒளியைத் தருகின்றன. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் செல்லரித்த ஏடுகளைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது எதிர்நோக்கிய பிரச்சினையும் இதுவே. சிதைந்த அடிகளைச் சிதைந்தன என்றே காட்டுவதா, தம் புலமையால் நிரப்புவதா? நிரப்பப்பட்ட பகுதி எதுவென வாசகர் அறியாதவாறு செய்யும் பதிப்பு, எத்துணை இனிமையாக வாசிக்கக் கிடைத்தாலும், மூலத்துக்கு ஊறு விளைவித்ததாகும். கட்டடங்கள் பற்றிய 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், வரலாற்று வாகனங்கள் பற்றிய துரின் சாசனமும் வற்புறுத்துவது இக்கொள்கையைத்தான்: கூடியவரை பேணுக, வேண்டியவிடத்து மட்டும் மாற்றுக, மாற்றியதைப் பதிவு செய்க.

பழுதுபார்த்தல், பேணல், மீளமைத்தல் என்பன மூன்று வேறு செயல்கள். நினைவின் பொருட்டே ஒருவர் காரை வைத்திருக்க விரும்புவாராயின், அவருக்கு வேண்டியது பேணல். துருவை நிறுத்தி, ஓடும் நிலைக்குக் கொணர்ந்து, பழைய பூச்சையும் தேய்ந்த ஆசனத்தையும் அவ்வாறே விடுதல். அது மிகக் குறைந்த செலவுடையது. முற்றாகக் களைந்து புதிதெனச் செய்தல், அவர் காப்பாற்ற நினைத்ததையே அழித்துவிடும். நினைவுக்காகச் செலவிடுகிறோம் என்று தொடங்கிப் புதிய காரைப் போன்ற ஒன்றை ஈற்றிற் பெறுவோர், இரு வழியாலும் இழக்கின்றனர்.

7

இறுதியாக, இக்கணக்குகளுள் 'கூலி' என ஒற்றைச் சொல்லாற் குறித்ததைச் சிறிது விரித்து நோக்குதல் வேண்டும். 1990களில் மைனருக்கான பாகங்களை இலங்கையிற் கையாற் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பும் முயற்சி, முற்கூறிய பாத் நிலையத்தின் தொடர்போடு உருவாயிற்று. ஒருகால் ஒக்ஸ்ஃபோட்டின் கௌலி ஆலையிலிருந்து கப்பலேறி வந்த காருக்கு, இங்குள்ள தொழிலாளர் தகடு அடித்து அனுப்பினர். அங்கே ஒருவரின் புதுப்பித்தற் கணக்குச் சரிப்பட்டு வருவதில் இங்குள்ள கூலியின் தாழ்வும் பங்குகொள்கிறது. "செலவுக்குத் தகுமா?" என்னும் வினாவுக்கு ஆம் என்ற விடை கிடைப்பது, பல வேளைகளில், ஒருவரின் உழைப்பு அதன் முழுமைக்கு மதிக்கப்படாமையாலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது.

தகட்டைச் சுத்தியலால் தட்டி வளைவு காணும் திறன் ஏட்டுக்கல்வியால் வருவதன்று. அது ஒருவர் அருகில் நின்று மற்றவர் பழகுவதால் வருவது. அத்தகைய வேலை கிடைக்கும் வரையிலேயே அத்திறனும் நிலைக்கும். ஒரு மைனரைப் புதுப்பிக்கக் கொடுப்பவர் அத்திறனின் தொடர்ச்சிக்கும் பங்களிக்கிறார் என்பது உண்மை. ஆயினும் குறைந்த கூலிக்கு அதனைப் பெற்றுவிட்டு மரபைப் பேணினோம் என்று பெருமை கொள்வது நேர்மையாகாது. கூலியை முறையாகக் கணக்கிட்ட பின்னரும் ஒருவருக்கு அக்கார் வேண்டும் எனின், அதுவே உண்மையான விருப்பாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, விற்பதற்காயின் புதுப்பித்தல் பெரும்பாலும் தகாது. முடிந்ததை வாங்குதல் நன்று. உழைப்பதற்காயின், உடல் உறுதியாகவும் ஆவணம் ஒழுங்காகவும் தொழிலாளி அருகிலும் இருந்தால் தகும். நினைவுக்காயின் பேணுதலே போதும். இவற்றுள் எது தமது நோக்கம் என்பதை முதற்சுத்தியல் விழுமுன் தெளிந்துகொள்பவர், பின்னர் எத்தனை செலவிட்டாலும் ஏமாற்றமடையார். அதனைத் தெளியாதவருக்கோ எந்தச் செலவும் அதிகமானதே.